அவர் பங்கு மோர்

என் தங்கை ஜெர்மனியிலிருந்து வரும்போதெல்லாம் அவள் வீட்டுக்காரர் தோளில் ஒரு கறுப்புப் பை தொங்கும். கொசுவுக்குத் தடவுகிற களிம்பு, வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைப் பொட்டலம், தெர்மாமீட்டர், காயத்துக்குக் கட்டு, தண்ணீரை வடிகட்ட ஒரு குழாய், சுருட்டி மடித்த கொசுவலை எல்லாம் அதில் இருக்கும். எங்கள் காலனியில் அந்தப் பைக்கு 'மினி ஆஸ்பத்திரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதல் தடவை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அந்த நெட்டை மனிதர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் சிரித்திருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது.

தங்கையிடம் அப்படி எந்தப் பையும் கிடையாது. புறப்படுவதற்கு முன்னால் அங்கே ஒரு டாக்டர் இருவரையும் உட்காரவைத்து, வெயில் நாட்டுக்குப் போகிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பாடம் நடத்துவாராம். காய்ச்சாத தண்ணீர் வேண்டாம், ஐஸ் வேண்டாம், தோல் உரிக்காத பழம் வேண்டாம், தெருநாயைத் தொட வேண்டாம், பகலிலும் முழுக்கை சட்டை போடுங்கள் என்பாராம். அவள் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, கையை நீட்டி ஊசியும் போட்டுக்கொள்வார். இவள் எழுந்து வந்துவிடுவாள்.

"நான் பொறந்த ஊருக்குப் போறதுக்கு எனக்கு இன்னாத்துக்குக்கா ஊசி? ஏரித் தண்ணி குடிச்சி வளந்த ஒடம்பு இது" என்று அவள் சொல்லும்போது எங்களுக்கெல்லாம் பெருமையாக இருக்கும். பின்னே? அத்தனை தூரம் போய், அத்தனை சம்பளம் வாங்கி, வெள்ளைக்காரரைக் கட்டிக்கொண்ட பிறகும் உடம்பை எங்களுக்கே விட்டுவைத்திருக்கிறாளே என்கிற பெருமை.

பேச்சும் அப்படித்தான். எங்கள் தெருப் பிள்ளைகள் ஒரகடத்துக்குக் கம்பெனி வேலைக்குப் போன மறுமாதமே 'இருக்கு', 'வந்துட்டு இருக்கேன்' என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். இவள் விமானத்தை விட்டு இறங்கியதுமே 'கீது' என்பாள். வாசலில் கால் வைத்ததும், "வூடு இன்னாக்கா இப்டி மாறிக்கீது, டைல்ஸ்லாம் போட்டுக்கினு" என்று என்னை வம்புக்கு இழுப்பாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளுக்கு ஊர் என்றால் அது என் வீடுதான். அக்கம்பக்கத்தில் வெளிநாடு போனவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விருந்தாளியாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். முதலில் தங்குவதில்லை, பிறகு சாப்பிடுவதில்லை, பிறகு வருவதில்லை. என் தங்கையும் அப்படி ஆகிவிடுவாளோ என்பது ஒன்றுதான் எனக்குப் பயம். மற்றபடி பணம் காசு விஷயத்தில் எனக்கு அவளிடம் எந்த எதிர்பார்ப்பும் இருந்ததில்லை. நான் ஊராட்சிப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர், என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், எங்கள் சோறு எங்களுக்கு இருக்கிறது.

முதல் தடவை வந்தபோது மாப்பிள்ளையைச் சொந்தக்காரர் வீடுகளுக்கு விருந்துக்கு அழைத்துப்போனோம். முதலில் காவாந்தண்டலத்தில் சித்தப்பா வீடு. நல்ல உச்சி வெயில். சித்தி எவர்சில்வர் டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இரண்டு டம்ளர் மோர் கொண்டுவந்து நீட்டினார். மாப்பிள்ளை கையைக் கூப்பி, சிரித்த முகத்தோடு, வேண்டாம் என்று தலையாட்டினார். அவர் நினைத்தது பச்சைத் தண்ணீர் கலந்த மோரை. சித்தி நினைத்தது வேறு.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யார் வீட்டுத் தண்ணீரை யார் குடிப்பது என்று பார்த்துப் பார்த்து ஊரை இரண்டாக வைத்திருந்த பக்கம் இது. அப்பா காலத்தில் அறுவடைக்குப் போன இடத்தில் தண்ணீரை உயரத்திலிருந்து கையில் ஊற்றுவார்கள். எங்கள் தெருவில் பிறந்தவர்களுக்கு ஒரு டம்ளர் மறுக்கப்படுவது என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்தி நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றார். சித்தப்பா கூரையைப் பார்த்தார்.

என் தங்கை சட்டென்று எழுந்தாள். தன் டம்ளரை ஒரே மூச்சில் குடித்தாள். அவர் டம்ளரையும் வாங்கி அதையும் குடித்தாள். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "அவரு பங்கும் நானே குடிக்கிறேன் சித்தி. புருசன் பங்கு பொண்டாட்டிக்குத்தானே" என்றாள். சித்தி சிரித்துவிட்டார். சித்தப்பா இன்னும் பெரிதாகச் சிரித்தார்.

திரும்பி வரும்போது எங்கள் ஆட்டோவில் இருவருக்கும் ஒரே சண்டை. பாஷை புரியாவிட்டால் என்ன, சண்டை புரியாதா? கடைசியில் அந்த மனிதர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ மெதுவாகச் சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "இனிமே இந்த ஊர்ல யாரு இன்னா சொன்னாலும், இன்னா செஞ்சாலும், வாணாம்னு மறுக்க மாட்டாராம்கா. குடிக்கறது மட்டும் என் பொறுப்பாம்" என்றாள். அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டு டம்ளர் வரும், அவர் கையில் வாங்கிக் கும்பிட்டுவிட்டு அவளிடம் கொடுப்பார், அவள் இரண்டையும் குடிப்பாள். பொண்டாட்டி வயிறா தண்ணி டேங்கா என்று தெருவே கிண்டல் செய்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். எங்கள் பிள்ளைகள் அவருக்கு 'நல்லா கீது' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். பார்த்ததற்கெல்லாம் 'நல்லா கீது' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு ஒரு தடவை அவர்கள் வந்தது ஆடியில். அதுவரை தை மாதக் குளிரில்தான் வந்துபோனார்கள். இந்தத் தடவை கூழ் ஊற்றுகிற திருவிழாவைப் பார்த்தே ஆக வேண்டும், காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தங்கை பிடிவாதம் பிடித்தாள். எங்கள் காலனி அம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கும் வரை ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. அதற்காகவே அங்கே லீவைக் கூட்டி வாங்கிக்கொண்டு வந்தாள்.

எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை. வாலாஜாபாத்தில் வாங்கிவந்த நீல டிரம்கள் மூன்று பின்பக்கம் சுவர் ஓரமாக நிற்கும். தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்துக்கொள்வோம். வந்த மறுநாள் மாப்பிள்ளை டார்ச் அடித்து அந்த டிரம்களுக்குள் எட்டிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே சின்னச் சின்னதாகக் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? அமைப்பாளர்களைக் கூப்பிட்டு மீட்டிங் போட்டு வருஷா வருஷம் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத் தொட்டியை நான்தான் ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுகிறேன். ஆனால் வீட்டு டிரம்மை யார் கவனித்தது? அவர் டிரம்களைக் கவிழ்த்துத் தேய்த்து, என் பழைய புடவையைக் கிழித்து வாய்க்கு வேடு கட்டினார். வெயிலில் வியர்க்க விறுவிறுக்க, முழுக்கைச் சட்டையோடு. பகலில் கடிக்கிற வரிக்கொசுதான் மோசம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பகல் தூக்கத்துக்குக் கொசுவலை கட்டிக்கொண்டு படுத்தார். தெருப்பெண்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, மாப்ள ஏன் வலைக்குள்ள மீன் மாரி படுத்துக்கினு கீறாரு என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

டிரம் வாயில் கட்டிய அந்தத் துணியை மறுநாளே அவிழ்த்தது என் தங்கைதான். "ஒவ்வொரு வாட்டியும் அவுத்துக் கட்டிக்கினு, சுத்தப் பேஜாரு" என்று மூலையில் வீசினாள். மத்தியானம் முழுக்க அந்த டிரம்கள் பக்கத்திலேயே, நைட்டியோடு, வெறுங்காலை நீட்டி உட்கார்ந்து என்னோடு முருங்கைக்கீரை ஆய்ந்தாள். பேச்சுதான், ஓயாத பேச்சு. இடையிடையே கணுக்காலைச் சொறிந்துகொள்வாள். அவர் களிம்புக் குப்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். அது வைத்த இடத்திலேயே இருக்கும். அந்த மத்தியானங்களை என் வாழ்க்கையின் நல்ல நாட்கள் என்று இப்போதும் சொல்வேன். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

காப்புக் கட்டினார்கள். மஞ்சள் துணியில் வேப்பிலை வைத்து மணிக்கட்டில் கட்டியதும் அவள் சின்னப் பெண் மாதிரி கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். அடுத்து வந்த நாட்களில் காய்ச்சல் தொடங்கியது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது, எலும்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கிறது என்றாள். மாப்பிள்ளை தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, உடனே காஞ்சிபுரம் போகலாம், ரத்தம் பார்க்கலாம் என்றார். ஊரெல்லாம் சுற்றிய அலுப்பு, ஒரு நாள் பார்க்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். அவளும் அதையே சொன்னாள்.

பிறகு உடம்பில் சிவப்பு கண்டது. முகம் குப்பென்று சிவந்து, மார்பு, கை எல்லாம் திட்டுத் திட்டாக. பக்கத்து வீட்டு அண்ணியைக் கூப்பிட்டோம். கோயிலில் கரகம் எடுக்கிறவர் அவர், அருள் வந்து சொல்கிறவர். அவர் என் தங்கையின் முகத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா வந்துக்கீறா" என்றார்.

முத்து ஒன்றும் போடவில்லையே என்று நான் கேட்டேன். "உள்ளுக்குள்ள கீது. மெதுவா வெளிய வருவா. காப்புக் கட்டின வூட்ல வந்துக்கீறான்னா அது சொம்மாவா?" என்றார் அண்ணி.

அம்மை கண்ட வீட்டில் என்ன செய்வோம் என்று எங்கள் பக்கத்து ஜனங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலைப்படியில் வேப்பங்கொத்து செருகுவோம். தாளிக்க மாட்டோம், எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டோம். மாத்திரை, ஊசி என்ற பேச்சே கூடாது, ஆத்தாவுக்குக் கோபம் வரும். இளநீர், மோர், கூழ் மட்டும். சிவப்பு இறங்கிக் காய்ச்சல் விட்டதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்துத் தலைக்கு ஊற்றுவோம். முதல் தண்ணீர் ஊற்றினால் கண்டம் தாண்டியாயிற்று என்று அர்த்தம்.

இதையெல்லாம் பயந்துகொண்டு செய்தோம் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. வீட்டில் ஒரு சந்தோஷம் இருந்தது. முக்கியமாக அவளுக்கு. வேப்பிலைப் படுக்கையில், கண்ணைத் திறக்க முடியாத வலியோடு கிடந்தவள் என் கையைப் பிடித்து இழுத்து, "பாத்தியாக்கா? இத்தினி வருசம் கழிச்சி ஆடிக்கு வந்தும் என்னிய மறக்கல பாத்தியா? இந்த ஊர்க்காரின்னு கண்டுபுடிச்சிட்டா பாத்தியா?" என்றாள். உதடெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது, அதோடு சிரித்தாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இனி இவள் எங்கே போய்விடப் போகிறாள், விருந்தாளியாகிவிடுவாளோ என்று இத்தனை நாள் பயந்தது வீண் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை வேப்பங்கொத்து செருகிய வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். இரண்டு தடவை உள்ளே வந்து அவளிடம் பேசினார். இரண்டாவது தடவை அவள் சத்தம் போட்டாள். அவர் வெளியே போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், மடியில் அந்தக் கறுப்புப் பை. அவள் என்ன சொன்னாள் என்பது ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. இந்த ஊரில் எதையும் மறுக்க மாட்டேன் என்று நீ வாக்குக் கொடுத்தாய் என்றாளாம். தண்ணீரிலிருந்து கொசுவரைக்கும் எல்லாவற்றிலும் சரியாக இருந்த மனிதர் அந்த ஓர் இடத்தில் மட்டும் மரியாதைக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு எந்த மாப்பிள்ளையாக இருந்தாலும் போங்கய்யா நீங்களும் உங்க வேப்பிலையும் என்று தூக்கிக்கொண்டு போயிருப்பான். எங்களிடம் நல்ல பெயர் எடுத்ததுதான் அந்த மனிதருக்கு வினையாகிவிட்டது.

காய்ச்சல் விட்டது. தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. ஆத்தா இறங்கிட்டா என்றார் அண்ணி. வெயிலில் வைத்த தண்ணீரை நானும் அண்ணியுமாக முதல் தண்ணீர் ஊற்றினோம். தெருவில் இரண்டு பேர் குலவைகூடப் போட்டார்கள். ஈரத்தலையோடு அவளை உட்காரவைத்து ஒரு வாய் கூழ் கொடுத்தேன். வயிறு வலிக்கிறது என்றாள். வாந்தி எடுத்தாள். வெறும் வயிறு, அப்படித்தான் இருக்கும் என்று துடைத்துவிட்டேன். கை இன்னும் சில்லென்றே இருந்தது. எழுந்து நிற்கப் பார்த்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்தாள்.

மாப்பிள்ளை செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். அவள் உதட்டை விலக்கிப் பார்த்தார். ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். என் வீட்டுக்காரர் ஆட்டோவைக் கிளப்பினார். காப்போட எல்லை தாண்டறாங்களே என்று தெருவில் யாரோ இழுத்தார்கள். அண்ணி ஓடிவந்தார். தடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவளுடைய நெற்றியில் திருநீறைப் பூசி, "சீக்கிரம் இட்டுக்கினு போ, நிக்காத" என்று என் வீட்டுக்காரரை விரட்டினார். இன்றுவரை அண்ணி மேல் எனக்கு வருத்தம் இல்லை.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். டெங்கு என்றால் எனக்குத் தெரியாத வார்த்தையா? பள்ளிக்கூடச் சுவரில் அந்தக் கொசுவின் படத்தை நான்தான் ஒட்டியிருக்கிறேன்.

டாக்டர் சின்ன வயது. திட்டவில்லை, களைத்துப்போயிருந்தார். "இந்தக் காய்ச்சல் விட்டதுக்கு அப்புறம்தாம்மா ஆபத்து. உடம்பு சில்லுன்னு ஆச்சுன்னா நல்லாகுதுன்னு அர்த்தம் இல்ல, உள்ள ரத்தத்துல இருக்கற நீர் கசிஞ்சிட்டு இருக்குன்னு அர்த்தம். வயித்து வலி, வாந்தி, ஈறுல ரத்தம், இதெல்லாம் வந்தா ஒரு நிமிஷம்கூட வீட்ல வெச்சிருக்கக் கூடாது" என்றார். பிறகு, வலி மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை, அம்மை என்று நினைத்து எதுவும் கொடுக்கவில்லை, இளநீரும் மோரும் கூழும்தான் கொடுத்தோம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அது ஒண்ணு நல்லது. சில வலி மாத்திரை ரத்தக் கசிவை அதிகமாக்கிடும். இளநீரும் மோரும் குடுத்தீங்களே, அதுவும் நல்லதுதான்" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆத்தா பெயரைச் சொல்லி நாங்கள் செய்ததில் பாதி அவளைக் காப்பாற்றியிருக்கிறது, பாதி கொல்லப் பார்த்திருக்கிறது.

அவள் பிழைத்தாள். கையில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏறிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை அவள் காலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே கிடந்தார். எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றியிருப்பேன். நான் கொண்டுபோன நாஷ்டாவை வாங்கி, பொட்டலத்தைப் பிரித்து, ஆவி பறக்கிறதா என்று பார்த்துவிட்டு, இட்லியை மட்டும் சாப்பிட்டார். "நல்லா கீது" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

அவளுக்கு நன்றாகத் தெளிவு வந்த அன்று, நான் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தேன். மணிக்கட்டில் காப்பு இல்லை, ஊசி குத்துவதற்காக அறுத்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தைத் தடவிக்கொண்டே, "அப்போ அது ஆத்தா இல்லியாக்கா?" என்று கேட்டாள்.

"இல்லடி, கொசு" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் அந்த முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். சொந்தம் என்று நம்பி உள்ளே வந்தவளிடம், நீ யாரம்மா என்று கேட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. வந்தவள் ஆத்தா இல்லை, அவளை யாரும் கண்டுபிடிக்கவில்லை. உள்ளூர், வெளியூர் பார்க்காமல் யாருடைய கால் கிடைத்தாலும் கடிக்கிற கொசு, அவள் காலையும் கடித்தது, அவ்வளவுதான். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பின்னலைப் பாதியில் விட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மீனம்பாக்கம் போனார்கள். பெட்டிகளை என் வீட்டுக்காரர் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே போனதும் அவர்கள் டாக்டர், ஒரு தடவை வந்தது வேறு ரகமாக இன்னொரு தடவை வந்தால் கடுமையாக இருக்கலாம், கவனமாக இருக்க வேண்டும் என்று சொன்னாராம். கவனமாக இரு என்றுதான் சொல்லியிருக்கிறார், போகாதே என்று சொல்லவில்லை. இவள் போகாதே என்று எடுத்துக்கொண்டாள். வீடியோவில் பேசுவாள். தை வரும், ஆடி வரும். இந்த வருஷம் லீவு இல்லை என்பாள். நான் ஏன் என்று கேட்கவில்லை.

அந்த வருஷங்களில் நான் என் வீட்டைத் திருத்தினேன். டிரம்களை எல்லாம் மூடி போட்டதாக மாற்றினேன். வாரம் ஒரு நாள் கவிழ்த்துத் தேய்த்துக் காயவைப்பேன். கொட்டாங்கச்சி, உடைந்த வாளி, ஆட்டோவின் பழைய டயர் எதையும் கொல்லையில் விட்டுவைக்கவில்லை. ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தேன். குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, மூடி, அகப்பை போட்டு எடுப்போம். தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பேன். சிவப்பு கண்டால் வேப்பிலையும் கட்டு, ரத்தமும் பாரு, ஆத்தா கோவிச்சிக்க மாட்டா என்று சண்டை போட்டு அனுப்புவேன். அண்ணி என் பக்கம்தான். தெருவில் இப்போது எனக்குத்தான் 'மினி ஆஸ்பத்திரி' என்று பெயர். எல்லாம் தெருவுக்காகச் செய்தேன் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிக்கொள்ளலாம். பொய். அவள் வருவாள் என்று செய்தேன்.

போன தையில் வந்தார்கள். ராஜகுளம் பக்கம் ஹைவேயில் ஒரு ஓட்டலில் ரூம் போட்டிருந்தார்கள். வீட்டில் தங்கலாமே என்று நான் போனில் கேட்டதற்கு, ஏசி இருந்தாத்தான் தூக்கம் வருதுக்கா என்றாள். காலையில் காரில் வந்து இறங்கினாள். முழுக்கை, முழுக்கால், அந்த வெயிலில் சாக்ஸ். என்னைக் கட்டிக்கொண்டபோது அவள் மேலிருந்து களிம்பு வாசனை வந்தது, அந்தக் குப்பியின் அதே வாசனை. தோளில் பை. அவருடையதைவிடப் பெரிய பை. அவர் வெறுங்கையோடு வந்திருந்தார்.

"வீடு நல்லா இருக்குக்கா" என்றாள் சுற்றிப் பார்த்துக்கொண்டே.

நான் அவளைப் பின்பக்கம் அழைத்துப்போய் டிரம்களைக் காட்டினேன். அவள் வாசற்படியிலேயே நின்று, எட்டிப் பார்த்து, தலையாட்டினாள். மாப்பிள்ளைதான் போய் ஒவ்வொரு மூடியாகத் திறந்து, டார்ச் இல்லாமல் கையை வைத்து நிழல் கட்டிப் பார்த்தார். அடுப்படிக்கு வந்து கொதித்து ஆறிய தண்ணீர்க் குண்டானைப் பார்த்தார். பாலைக் காய்ச்சி உறை ஊற்றியதைச் சொன்னேன், அந்தத் தண்ணீரில்தான் மோர் கரைத்தேன் என்று சொன்னேன். பாதி தமிழும் பாதி கையுமாகத்தான். அவருக்கு எல்லாம் புரிந்தது.

இரண்டு டம்ளரில் ஊற்றி, தட்டில் வைத்துக் கொண்டுவந்தேன். அவள் முன்னால் நீட்டினேன்.

"வேண்டாம்கா, இருக்கு" என்று பையைத் தட்டிக் காட்டினாள். சீல் போட்ட பாட்டில்.

"காச்சின தண்ணிடி" என்றேன்.

"தெரியும்கா" என்றாள். அவள் கண்ணில் உண்மையான பயம் தெரிந்தது. என்னைப் பார்த்துப் பயப்படவில்லை, அந்த டம்ளரைப் பார்த்துப் பயந்தாள். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பயம் இருந்தது, எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அளவு தெரிந்த பயம். இவள் பயமே இல்லாமல் வந்து விழுந்தவள். இப்போது எழுந்தபோது அளவே தெரியவில்லை. என் வீட்டில் ஒரு டம்ளர் மறுக்கப்பட்டது. மறுத்தவள் என் கூடப் பிறந்தவள். சித்தி அன்றைக்கு எப்படிக் கையை நீட்டியபடியே நின்றார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மாப்பிள்ளை தட்டிலிருந்து தன் டம்ளரை எடுத்தார். ஒரே மூச்சில் குடித்தார். இந்த ஊரில் அவர் வாய் வைத்துக் குடித்த முதல் டம்ளர் அது. அதை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவள் டம்ளரையும் எடுத்து அதையும் கடைசிச் சொட்டுவரை குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா கீது" என்றார்.

நான் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன். கழுவுகிற சாக்கில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். திரும்பி வந்தபோது அவள் தன் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, மூடியை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.